பெட்ரோல் முள் மெதுவாக ஏறுகிறது, குறைத்தும் காட்டுகிறது: கோளாறு எங்கே?

கேள்வியின் சுருக்கம் இது: கார்புரேட்டர் காலத்துக் கார். சாவியைத் திருப்பினால் பெட்ரோல் முள் மெல்ல மெல்லத்தான் மேலே வருகிறது. டேங்க்கை நிரப்பினாலும் முக்காலைத் தாண்டுவதில்லை. முள் எம்ப்டியில் படுத்த பிறகும் பத்து லிட்டர் போல மிச்சம் இருக்கிறது. மெக்கானிக் மீட்டர் போர்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். இந்த மாதிரிப் புகாரில் மீட்டர் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். அதோடு, நீங்கள் சொன்ன இரண்டில் ஒன்று கோளாறே இல்லாமல் இருக்கலாம்.

முதலில் அந்த மெதுவை எடுத்துக்கொள்வோம். பழைய கார்களின் கேஜுக்குள் (முள் உள்ள மீட்டருக்குள்) இரு வேறு உலோகங்களை ஒட்டிய பட்டை ஒன்று இருக்கும், அதன்மேல் மெல்லிய ஹீட்டர் கம்பி சுற்றியிருக்கும். டேங்க்கில் உள்ள யூனிட் (மிதவை ஏறி இறங்க மின்தடை மாறும் கருவி) வழியாக ஓடும் கரண்ட் அந்தக் கம்பியைச் சூடாக்கும், பட்டை வளையும், முள் நகரும். சூடேற நேரம் வேண்டும் என்பதால் முள் தன் இடத்துக்கு வர ஒரு நிமிடம், சிலவற்றில் இரண்டு நிமிடம்கூட ஆகும். பள்ளத்தில் டேங்க் குலுங்கினாலும் முள் ஆடாமல் நிற்பது இந்த மந்தத்தால்தான். வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். சாவியை அணைத்ததும் முள் எம்ப்டிக்கு மெல்ல இறங்கினால் உங்களுடையது இந்த வகை. சில கார்களில் அணைத்த பிறகும் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். அவற்றில் இருப்பது குறுக்குச் சுருள் வகை. நடுவில் சின்னக் காந்தம், சுற்றிலும் காயில், ஆட்டத்தை அடக்க சிலிக்கான் எண்ணெய். அதிலும் முள் சட்டென்று குதிக்காது.

மந்தம் கேஜில் இருக்கிறதா, டேங்க்கில் இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்துவிட்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். முள் தானாக ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் கேஜ் தன் வேலையைத்தான் செய்கிறது. நின்றபடி இருக்கையில் அசையாமல், நாலு தெரு ஓட்டிய பிறகுதான் ஏறுகிறது என்றால் டேங்க்கில் மிதவைக் கை சிக்குகிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் போலப் படியும். கையின் கீல் அதில் ஒட்டிக்கொள்ளும். குலுக்கலில் விட்டுக்கொடுக்கும்.

இனி அளவு தப்பும் விஷயம். இதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் எந்தப் பக்கம் தப்புகிறது, எந்த இடத்தில் அதிகம் தப்புகிறது என்று பார்த்தாலே கழற்றாமல் பாதி விடை கிடைத்துவிடும்.

பழைய டொயோட்டா போன்ற பல ஜப்பானிய வகை யூனிட்டுகளில் டேங்க் காலியானால் மின்தடை சுமார் 110 ஓம், பாதியில் 32 ஓம், நிரம்பினால் 3 ஓம். ஓம் குறையக் குறைய முள் ஏறும். ஐரோப்பிய வகை பலவற்றில் தலைகீழ்: காலிக்கு 10, நிரம்பினால் 180. அமெரிக்காவில் வெளிக்கடைகளில் தனியாக விற்கும் யூனிட்டுகள் பெரும்பாலும் காலிக்கு 240, நிரம்பினால் 33. உங்கள் வண்டிக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். குறைந்தபட்சம் எந்தத் திசை என்பதாவது தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் கீழே சொல்வதெல்லாம் புரட்டிப் போட்ட மாதிரி ஆகிவிடும். நான் 110-லிருந்து 3-க்கு இறங்கும் வகையை வைத்தே சொல்கிறேன்.

இந்த வகையில் எர்த்திலோ (பாடியோடு சேரும் இணைப்பு) கப்ளரிலோ (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்) துரு பிடித்து 5 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். காலி டேங்க்கில் 110 என்பது 115 ஆகும். முள்ளில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நிரம்பிய டேங்க்கில் 3 என்பது 8 ஆகும்; முள் ஃபுல்லைத் தொடாது. ஆக, ‘ஃபுல்லில் மட்டும் குறைவு, எம்ப்டி பக்கம் சரி’ என்றால் அது ஒயரிங் கோளாறு. எர்த் முழுக்க அறுந்தால் முள் எம்ப்டியிலிருந்து எழவே எழாது. ஒயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால் டேங்க் காலியாக இருந்தாலும் ஃபுல் காட்டும். நடுரோட்டில் நிற்க வைப்பது இந்தக் கடைசி வகைதான்.

சப்ளை வோல்ட்டேஜ் குறைந்தாலும் ஃபுல் பக்கம்தான் அதிகம் அடிபடும். ஆனால் அப்போது தண்ணீர் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து குறைத்துக் காட்டும், ஏனென்றால் வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் ஸ்டெபிலைசர் இரண்டுக்கும் ஒன்றே.

நீங்கள் சொல்வது இரண்டு முனையிலும் குறைவு. மேலே முக்கால்தான், கீழே எம்ப்டிக்குப் பிறகும் நிறைய மிச்சம். மிதவை இருக்க வேண்டிய உயரத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது என்பதற்கான அடையாளம் இது. ஒன்று மிதவைக்குள் பெட்ரோல் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் கம்பிக் கை வளைந்திருக்க வேண்டும். டெம்பரேச்சர் முள் ஒழுங்காக இருந்தால் என் சந்தேகம் முழுக்க மிதவை மேல்தான். டேங்க் அண்மையில் ஒட்டவோ பெயின்ட் அடிக்கவோ இறக்கப்பட்டிருந்தால் கம்பி வளைவதற்கு நல்ல வாய்ப்பு. யூனிட்டைத் திரும்ப நுழைக்கும்போது ஓட்டையின் விளிம்பில் இடித்து மடங்கியிருக்கும்.

எம்ப்டிக்குப் பிறகு நாலைந்து லிட்டர் மிஞ்சுவது பல வண்டிகளில் இயல்பு, தயாரிப்பாளரே விட்டுவைக்கும் இடைவெளி அது. அதேபோல நிரப்பியதும் சில பத்துக் கிலோமீட்டர் முள் ஃபுல்லை விட்டு இறங்காது. மிதவை டேங்க்கின் மேல்தட்டில் முட்டி நிற்பதால் பெட்ரோல் கொஞ்சம் இறங்கும் வரை அதற்குத் தெரியாது. பத்து லிட்டர் என்பது இந்தக் கணக்கில் வராது.

சோதனையை வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோங்கள். டேங்க் யூனிட்டின் கப்ளரைக் கழற்றுங்கள். சாவி ஆஃபில் இருக்க வேண்டும், சுற்றிப் பெட்ரோல் வாடை இருக்கக் கூடாது. யூனிட்டுக்கு வரும் ஒயருக்கும் பாடி எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட், 3.4 வாட் பல்பு ஒன்றை மாட்டிவிட்டுச் சாவியை ஆன் செய்யுங்கள். மீட்டர் போர்டுக்குப் போடும் சின்ன பல்பு போதும். ஒயரை நேராக எர்த்தில் தொட்டுப் பார்ப்பதுதான் பல ஒர்க்‌ஷாப்களின் பழக்கம். அதிக நேரம் விட்டால் ஹீட்டர் கம்பி கருகும், அதனால் பல்பு நல்லது. பல்பு எரிந்து, சில விநாடியில் மினுக்கத் தொடங்கி, முள் ஃபுல் பக்கம் ஏறினால் கேஜ், ஸ்டெபிலைசர், டேங்க் வரை வரும் ஒயர் மூன்றும் உயிரோடு இருக்கின்றன.

உயிரோடு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் சரியாகவும் காட்டுகிறதா என்று பார்க்க, எலக்ட்ரானிக்ஸ் கடையில் 5 வாட் செராமிக் ரெசிஸ்டர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்: 3.3, 33, 100, 10 ஓம் ஒவ்வொன்று. கடைசி இரண்டையும் தொடராக இணைத்தால் 110. பல்புக்குப் பதிலாக ஒவ்வொன்றாக மாட்டி, இரண்டிரண்டு நிமிடம் காத்திருந்து முள்ளைப் பாருங்கள். 110-க்கு எம்ப்டி, 33-க்குப் பாதி, 3.3-க்கு ஃபுல் என்று வந்துவிட்டால் மீட்டர் போர்டு மாற்றும் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். சில நூறு ரூபாய்க்குள் முடியும் சோதனை. செய்யாமல் போர்டு வாங்கச் சொல்வது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

மூன்று எண்ணுக்குமே முள் தப்பினால் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அம்பாசடர் போன்ற பிரிட்டிஷ் வழி வண்டிகளில் இது தனி டப்பா, சராசரி 10 வோல்ட் தரும். ஜப்பானிய வகையில் பெரும்பாலும் கேஜுக்குள்ளேயே இருக்கும், சுமார் 7 வோல்ட். உள்ளே ஒரு பாயின்ட் விட்டு விட்டுத் தொடுவதால் டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண் தாறுமாறாகக் குதிக்கும். பயப்பட வேண்டாம், குதித்தால்தான் சரி. குதிக்காமல் பேட்டரி வோல்ட்டேஜ் அப்படியே நின்றால் பாயின்ட் ஒட்டிவிட்டது, அல்லது டப்பாவின் எர்த் போய்விட்டது. அப்போது இரண்டு முள்ளும் கூட்டிக் காட்டும், ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். புது டப்பா வாங்குமுன் அதைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றிச் சுரண்டி மாட்டிப் பாருங்கள்.

டப்பா கிடைக்காவிட்டால் ஐசி போடலாம். 10 வோல்ட்டுக்கு 7810 போதும். 7 வோல்ட்டுக்கு எல்எம்317. அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 240 ஓம், அட்ஜஸ்ட் காலிலிருந்து எர்த்துக்கு 1.1 கிலோஓம் போட்டால் 6.98 வோல்ட் வரும். இங்கே நிறைய பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 7810-இன் உலோக முதுகு எர்த், பாடியில் நேராகத் திருகலாம். எல்எம்317-இன் முதுகு அவுட்புட். அதைப் பாடியில் திருகினால் ஷார்ட். மைக்கா தாளும் பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டுத்தான் திருக வேண்டும். இரண்டு வாட் அளவுக்குச் சூடாகும் என்பதால் அலுமினியத் துண்டு இல்லாமல் விடவும் கூடாது.

கேஜ் பக்கம் சுத்தம் என்றானதும் எர்த். டேங்க் பெரும்பாலும் ரப்பர் பட்டைமேல் உட்கார்ந்திருக்கும், அதனால் பாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதாலேயே எர்த் கிடைத்துவிடாது. தனி ஒயர்தான் வேலை செய்கிறது. டிங்கரிங் பெயின்டிங் முடிந்து வந்த வண்டிகளில் அந்த ஒயரின் வளையத்துக்கு அடியில் புதுப் பெயின்ட் இருப்பது சர்வ சாதாரணம். கப்ளரை மாட்டி, சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டரின் சிவப்பை யூனிட்டின் தகட்டிலும் கறுப்பை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. டேங்க்குக்குள் பம்ப் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப்பும் யூனிட்டும் ஒரே எர்த்தைப் பகிரும் அமைப்பு இருந்தால் எஞ்சின் ஓடும்போதும் அளந்து பாருங்கள். பம்ப் நாலைந்து ஆம்பியர் இழுக்கும், 0.1 ஓம் துருவே அரை வோல்ட்டைத் தின்றுவிடும். எஞ்சின் ஓடும்போது ஒரு அளவும் சாவி மட்டும் ஆனில் வேறு அளவும் காட்டும் வண்டிகளில் இதை முதலில் பார்க்க வேண்டும். ஹெட்லைட் போட்டால் முள் அசைகிறது என்றால் அது டேங்க் எர்த் அல்ல, மீட்டர் போர்டின் எர்த்.

இதுவரை பெட்ரோலைத் தொடவில்லை. யூனிட்டை வெளியே எடுக்கும் வேலை வேறு. டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கட்டும். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். திறந்தவெளி வேண்டும், மூடிய ஷெட்டில் பெட்ரோல் ஆவி தரையோடு படர்ந்து தூரத்தில் உள்ள ஃப்ரிட்ஜ், பூஜை விளக்கு வரை போகும். தூள் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கவே கூடாது. நுரையீரலில் சிறிது போனாலும் ஆஸ்பத்திரிதான். சில கார்களில் பின்சீட்டுக்கு அடியில் மூடியைத் திறந்தால் யூனிட் தெரியும். இல்லாதவற்றில் டேங்க்கை இறக்க வேண்டும். சுற்று வளையம் போட்ட வகையாக இருந்தால் இரும்பு உளி வேண்டாம், பித்தளைத் துண்டும் மரச் சுத்தியலும் வைத்துத் தட்டுங்கள். கழற்றும் முன் மேலே உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அத்தனையும் டேங்க்குக்குள் விழும்.

வெளியே எடுத்ததும் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். பித்தளை மிதவை என்றால் உள்ளே சளசளவென்று கேட்கும். சத்தம் வராவிட்டாலும் வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள். உள்ளே உள்ள காற்று விரிந்து ஊசித்துளை இருக்கும் இடத்தில் குமிழி வரும். ஈயம் வைத்து அடைக்கலாம் என்பார்கள். உள்ளே பெட்ரோல் ஆவி உள்ள மூடிய டப்பாவில் சூட்டுக்கோலை வைப்பது அது. மிதவை மாற்றுவது மலிவு, உயிருக்கும் நல்லது. நுரைப்பொருள் மிதவையில் துளை தெரியாது, வருடக்கணக்கில் ஊறிக் கனத்திருக்கும். ஒரு கிண்ணம் பெட்ரோலில் விட்டுப் பார்த்தால் புதியது தலை தூக்கி நிற்கும், ஊறியது முக்கால்வாசி மூழ்கிக் கிடக்கும்.

மிதவை நன்றாக இருந்தால் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, கையை அடியிலிருந்து மேல்வரை மிக மெதுவாக நகர்த்துங்கள். எண் படிப்படியாக இறங்க வேண்டும். நடுவில் திடீரென முடிவிலிக்குத் தாவினால் அந்த இடத்தில் தொடு நாக்கு உரசும் தடம் தேய்ந்திருக்கிறது. பழைய கம்பிச்சுற்று யூனிட்டுகளில் தேய்மானம் பெரும்பாலும் கால் டேங்க்குக்கும் பாதிக்கும் நடுவில்தான் இருக்கும், நம்மில் பலர் டேங்க்கை எப்போதும் அங்கேயே வைத்து ஓட்டுவதால். தொடு நாக்கை ஒரு மயிரிழை பக்கவாட்டில் வளைத்துத் தேயாத தடத்துக்கு மாற்றினால் இன்னும் சில வருடம் ஓடும். புதிய யூனிட்டுகளில் செராமிக் தகட்டில் அச்சிட்ட தடமும் வெள்ளி கலந்த தொடுபுள்ளிகளும் இருக்கும். பெட்ரோலில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், கறுப்புப் படலம் தொடர்பைக் கெடுக்கும். 2004 மே மாதம் அமெரிக்காவின் லூசியானா, ஃபுளோரிடா பக்கம் கந்தகம் கூடிய பெட்ரோல் விற்பனைக்கு வந்து ஏராளமான கார்களின் முள் கெட்டது இதனால்தான். இந்தியாவில் பிஎஸ்6 பெட்ரோல் 2020 ஏப்ரலிலிருந்து கந்தகம் 10 பிபிஎம்தான். ஆனால் அதற்கு முன் ஓடிய காலத்தின் கறை பழைய யூனிட்டுகளில் அப்படியே இருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியாலும், பிறகு மென்மையான பென்சில் அழிப்பானாலும் துடைத்தால் போதும். எமரி தாள் போட்டால் தடமே போய்விடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால் நீண்ட நாள் நிற்கும் வண்டியில் யூனிட்டின் இரும்புப் பாகங்கள் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பிக் கை வளைந்திருந்தால் கண்மதிப்பில் நிமிர்த்தாதீர்கள். யூனிட்டை மாட்டி, காலி டேங்க்கில் ஐந்து லிட்டர் கேனால் அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஓமைக் குறித்துக்கொண்டே போங்கள். ரிசர்வ் அளவில் 110-க்கு அருகில் வருகிறதா என்பதை வைத்து வளைவைச் சரிசெய்யுங்கள். கீழ்முனை சரியாக இருந்து மேல்முனை கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. மறுபடி வளைத்தால் கீழ்முனை கெடும், வழியில் நிற்க வைப்பது கீழ்முனைதான். டேங்க் ஒரே சீரான பெட்டி அல்ல என்பதால் பாதி முள் என்பது பாதி லிட்டராக இருக்கவும் வேண்டியதில்லை.

கடைக்காரர் ‘எல்லாத்துக்கும் செட்டாகும்’ என்று 240–33 யூனிட் கொடுத்தால் வாங்காதீர்கள். பக்கத்தில் 200 ஓம் ரெசிஸ்டரை இணையாகப் போட்டால் சரியாகும் என்றும் சொல்வார்கள். காலி முனையில் 109 ஓம் வரும், உண்மைதான். நிரம்பிய முனையில் 28 ஓம்தான் வரும். டேங்க் வழிய வழிய நிரப்பினாலும் முள் பாதிக்குச் சற்று மேலேயே நிற்கும்.

இதே புகாருடன் புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு: அங்கே யூனிட்டின் அளவு நேராக முள்ளுக்குப் போகாது, கம்ப்யூட்டர் வாங்கிச் சராசரி போட்டுத்தான் காட்டும். எஞ்சினை அணைக்காமல் பெட்ரோல் போட்டால், வண்டி ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துச் சில மாடல்கள் முள்ளைப் பல நிமிடம் இழுத்துக்கொண்டு ஏற்றும். பங்க்கில் அணைக்கச் சொல்வது பாதுகாப்புக்காக. அணைத்துவிட்டுப் போட்டால் இந்தத் தலைவலியும் இல்லை. ஓரிரு லிட்டர் மட்டும் போட்டால் முள் அசையாமலே இருப்பதும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) டேங்க் அளவு சதவீதத்தைப் படியுங்கள். எல்லா வண்டியும் தராது, தந்தால் அதையும் முள்ளையும் ஒப்பிடலாம். பி0461 என்ற கோடு வந்தால் யூனிட் அசையாமல் ஒரே அளவு தருகிறது அல்லது நம்ப முடியாத அளவு தருகிறது என்று பொருள். பி0462 சிக்னல் மிகக் குறைவு, பி0463 மிக அதிகம், பி0464 விட்டு விட்டு வருகிறது. கடைசி மூன்றுக்கும் யூனிட்டுக்கு முன் கப்ளரைப் பாருங்கள். ஸ்கூட்டர், பைக் என்றால் சைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்த்த அளவை நம்பாமல் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பாருங்கள்.

உங்கள் காருக்குத் திரும்பினால், யூனிட்டை மாட்டும்போது பழைய கார்க் கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள். திருகு ஓட்டைகள் பெரும்பாலும் சம இடைவெளியில் இருக்காது, ஒரே ஒரு திசையில்தான் பொருந்தும். பொருந்தவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், ஓட்டையைப் பெரிதாக்க வேண்டாம். மூடிய பிறகு டேங்க்கை முழுக்க நிரப்பி, அரை மணி நேரம் விட்டு, கேஸ்கெட்டைச் சுற்றி விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பின்சீட்டைப் போடுங்கள்.